குழுக் கடன் டியூ கட்ட முடியாத வாரத்தில் செய்யக் கூடாதவை

குழுவில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு லோன் கார்டு பார்த்துக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. போனை அணைத்து வைக்காதீர்கள் என்பது போல எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

டியூ கட்டத் தண்டல் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். பூக்கட்டி விற்கும் ஒரு பெண். ஐப்பசி அடைமழையில் வியாபாரம் படுத்துவிட்டது. வாரத் தவணை 1,200 ரூபாய். வசூலுக்கு வந்த தம்பி, "பணம் வாங்காம எந்திரிக்க மாட்டேன்க்கா" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பதால் குழுப் பெண்களும் சூழ்ந்து நின்றார்கள். அவமானம் தாங்காமல், தினமும் வசூலிக்கும் வட்டிக்கடைக்காரரான தண்டல்காரரிடம் 10,000 வாங்கினாள். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வாரம் 1,200 புரட்ட முடியாதவள், இனி அதோடு 700 சேர்த்து 1,900 புரட்ட வேண்டும். அந்த 8,500 ஏழு தவணைக்குத்தான் காணும். தண்டலோ பதினான்கு வாரத்துக்கு மேல் ஓடும். பாதியிலேயே இன்னொரு தண்டல் வாங்கினாள். அதை அடைக்கக் கம்மல் அடகுக்குப் போனது.

நம் குழுக் கடன் போன்ற நுண்கடனில் தாமத அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதி. இரண்டு வாரம் தாமதித்து அபராதம் கட்டியிருந்தால்கூட, தண்டலில் முன்கூட்டியே பிடித்த 1,500-க்குப் பக்கத்தில் வந்திருக்காது. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று குறித்து வைக்கும் சிபிலில் பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது சிரமம்தான். அதற்காகப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசைத் தண்டலுக்குக் கொடுக்க வேண்டுமா? வாசலில் சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுத்துப் பழகிவிட்டோம். அரிசி, வாடகை, மருந்து போக மிச்சம் எவ்வளவோ அதைச் சொல்லுங்கள்: "இந்த வாரம் 400தான் முடியும்." தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுக்கலாம். மறுத்தாலும் அந்தத் தாள் பிறகு உதவும்.

வருமானத்தைக் கூட்டிப் போடுவது

எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் குடும்பம் மாதம் கட்டுவது வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுப்பவர்தான் அதைப் பார்க்க வேண்டும். 12,000 வருமானத்தைப் படிவத்தில் 20,000 என்று போடச் சம்மதித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ரசீது இல்லாமல் கொடுப்பது

பத்து ரூபாய்கூட வேண்டாம்.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்து

போடாதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமாகாது, சிவில் வழக்குதான். செக் திரும்பினால் குற்ற வழக்கு, 2 ஆண்டு வரை சிறை.

சென்டர் மீட்டிங்கைத் தவிர்ப்பது

குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் கூட்டம் இது. பணம் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள். வசூல் நடக்க வேண்டிய இடம் அதுதான். தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராவிட்டால்தான் அவர்கள் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. உறவினர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது.

மீறினால் தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். முதலில் நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அப்புறம் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. மிரட்டல் என்றால் நேராகக் காவல் நிலையம். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் வந்த சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. குழுவிலிருந்து நாலு பேராகப் போங்கள். தனியாகப் போகிறவர்களைச் சமாதானம் பேசி அனுப்பிவிடுகிறார்கள்.