பாண்ட் படங்களை மறுபடி பார்த்து ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "சிறந்த பாண்ட் நடிகர் கானரியா, மூரா, கிரெய்கா?" என்றுதான். ஒப்பீடு அங்கேயே கோணலாகிவிடுகிறது. ரோஜர் மூரின் 'மூன்ரேக்கர்' (1979) விண்வெளியில் லேசர் சண்டை போட்டு முடிகிறது. அதே மூர் அடுத்து நடித்த பாண்ட் படமான 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில் (1981) லோட்டஸ் கார் தொடக்கத்திலேயே வெடித்துச் சிதற, பாண்ட் ஒரு சின்ன மஞ்சள் சித்ரோயன் காரில் தப்பிக்கிறார். கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிரேக்க நாட்டுப் பாறை மடம் ஒன்றில் ஏறுகிறார். நடிகர் ஒருவர்தான், ஆனால் இரண்டும் இரு துருவங்கள்.

நடிகரை விட்டுவிட்டு இயக்குநரைப் பிடித்துப் பாருங்கள், வரிசை தெளியும். லூயிஸ் கில்பர்ட் எடுத்த மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஒரே கதை மூன்று முறை சொல்லப்பட்டது தெரியும். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தில் ஒரு விண்கலம் இன்னொரு விண்கலத்தை விழுங்குகிறது. 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் (1977) எண்ணெய்க் கப்பல் நீர்மூழ்கிகளை விழுங்குகிறது. 'மூன்ரேக்கர்' விண்வெளி ஓடம் திருடு போவதில் தொடங்குகிறது. மூன்றுக்கும் பிரமாண்ட செட் போட்டவர் கென் ஆடம். இவற்றில் முதலாவது கானரி படம், மற்றவை மூர் படங்கள். அதேபோல ஜான் கிளென் 1981 முதல் 1989 வரை தொடர்ச்சியாக ஐந்து படம் எடுத்தார். மூருக்கு மூன்று, டிமத்தி டால்டனுக்கு இரண்டு. இயக்குநர் மாறாமல் நடிகர் மட்டும் மாறிய இந்த இடத்தில்தான் நடிகரின் பங்கைச் சரியாக அளக்க முடியும். மூரின் 'எ வியூ டு எ கில்', டால்டனின் 'தி லிவிங் டேலைட்ஸ்' இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

ஒரே தொடர்கதை என்று நினைப்பது

1967 படத்தில் பாண்டும், ஸ்பெக்டர் என்ற குற்ற அமைப்பின் தலைவன் புளோஃபெல்டும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். 1969-இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் பாண்ட் வேறு பெயரில் போய் நிற்கிறார். புளோஃபெல்டுக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. இதற்குப் பலரும் ஏதேதோ விளக்கம் தேடுகிறார்கள். இயன் ஃபிளெமிங்கின் நாவல்களில் இந்தக் கதை முந்தையது (1963), 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பிந்தையது (1964). படங்கள் வரிசை மாறி வந்தன, நாவலில் இருந்த முதல் சந்திப்பு அப்படியே திரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்காகத் தொடர்ச்சியே கிடையாது என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' தொடங்குவதே 1969-இல் இறந்த மனைவியின் கல்லறையில்தான்.

டேனியல் கிரெய்கின் ஐந்தும் வேறு ரகம். 2006-இல் கதை முதலிலிருந்து தொடங்குகிறது. ஜூடி டென்ச் 1995 முதல் பாண்டின் உளவுத்துறைத் தலைவர் 'எம்' ஆக நடித்து வந்ததால் பழைய கதையின் நீட்சி என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. இந்த ஐந்தை மட்டும் வரிசை குலைக்காமல் பார்க்க வேண்டும். 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' 106 நிமிடம், தொடரிலேயே குறுகியது. 'கேசினோ ராயல்' முடிந்த கையோடு கதை தொடர்கிறது. தனியாகப் பார்த்தால் அரைகுறையாகத் தெரியும். 2007-08 ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தம் அதன் திரைக்கதையைப் பாதித்தது உண்மைதான். ஆனாலும் முந்தைய படத்தோடு சேர்த்து ஒரே இரவில் பார்த்தால் அதன் கோபம் புரியும்.

வழக்கைக் கலை முடிவாக எடுத்துக்கொள்வது

புளோஃபெல்ட் 1971-க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? அந்தப் பாத்திரம் சலித்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் காரணம் ஒரு வழக்கு. 'தண்டர்பால்' கதையை ஃபிளெமிங்கோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் ஒருவரான கெவின் மெக்ளோரி வழக்குத் தொடுத்து 1963-இல் உரிமை பெற்றார். ஸ்பெக்டர் அமைப்பும் அந்தத் தகராறில் சிக்கிக்கொண்டது. 1981 படத்தின் தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் பூனையோடு வரும் மொட்டைத் தலையருக்குப் பெயரே சொல்லப்படாததற்கும் காரணம் இதுதான். 2013-இல் உரிமை பாண்ட் தொடரைத் தயாரிக்கும் ஈயான் தரப்பின் கைக்கு வந்ததும் 2015-இல் 'ஸ்பெக்டர்' வந்தது. இந்த நாற்பது ஆண்டு இடைவெளியை அறியாமல் வில்லன்களை ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

எண்ணிக்கைக் குழப்பமும் இதில் சேர்ந்ததே. ஈயான் நிறுவனம் எடுத்தவை 'டாக்டர் நோ' (1962) முதல் 'நோ டைம் டு டை' (2021) வரை 25. மெக்ளோரியின் உரிமையில் கானரி திரும்பி வந்து நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' (1983) அதில் சேராது. 'தண்டர்பால்' படத்தின் மறு ஆக்கம் அது. அதே ஆண்டு ஈயான் வெளியிட்டது 'ஆக்டோபஸி'. உதய்பூரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக வருபவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ்.

வசூலை அப்படியே வைத்து ஒப்பிடுவது

'ஸ்கைஃபால்' (2012) உலகம் முழுக்க ஏறக்குறைய 110 கோடி டாலர், 'தண்டர்பால்' (1965) ஏறக்குறைய 14 கோடி டாலர். 1965-இன் டாலரை 2012-இன் விலைவாசிக்கு மாற்றினால் 'தண்டர்பால்' 100 கோடியை எட்டுகிறது. அதுவும் சீனச் சந்தை இல்லாத காலத்தில். சீனத் திரையரங்குகளில் முறைப்படி வெளியான முதல் பாண்ட் படம் 2006-இன் 'கேசினோ ராயல்'தான்.

டிவி அமைப்பைக் கவனிக்காமல் விடுவது

முதல் மூன்று படங்களின் அகல-உயர விகிதம் 1.66:1. இன்றைய டிவியில் இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை விழும். அதை மறைக்க ஜூம் செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும். 'தண்டர்பால்' முதல் அகலத்திரை என்பதால் பட்டை மேலும் கீழும் வரும். 1973, 1974 படங்கள் மட்டும் 1.85:1, திரையை ஏறக்குறைய நிரப்பும். அசைவை வழவழப்பாக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் கென் ஆடமின் செட் டிவி சீரியல் செட் போலாகிவிடும். 'தண்டர்பால்' இறுதிப் படகுச் சண்டை வேகமாக ஓடுவது மட்டும் டிவியின் பிழை இல்லை, அன்றே அப்படி முடுக்கித்தான் வைத்தார்கள்.

டிஸ்க்கில் மூல மோனோ ஒலித்தடம் இருந்தால் அறுபதுகளின் படங்களுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். புதிய 5.1 (பல ஒலிபெருக்கிகளுக்கான) கலவையில் சில இடங்களில் துப்பாக்கிச் சத்தமே வேறாகக் கேட்கும். எந்தப் பிரதி என்பதையும் பாருங்கள். 'லைசென்ஸ் டு கில்' 1989-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வன்முறைக் காட்சிகள் வெட்டப்பட்டே வெளியானது. இந்தியத் திரையரங்குகளில் 'ஸ்பெக்டர்' படத்தின் முத்தக் காட்சிகளைத் தணிக்கை சுருக்கியது.

முழுப் படத்தை முழுப் படத்தோடு மோத விடுவது

25 படங்களும் சேர்ந்து சுமார் 53 மணி நேரம். ஒரே மூச்சில் பார்த்தால் பத்தாவது படத்தில் எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும், நியாயமான தீர்ப்பு வராது. ஒரே வகைக் காட்சியை எடுத்துக்கொண்டு ஒப்பிடுவதே நல்ல வழி. ரயில் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு படங்களைப் பார்ப்போம்.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) சண்டைக்குப் பின்னணி இசையே இல்லை. குறுகிய பெட்டி, மங்கிய நீல வெளிச்சம், இரண்டு உடல்கள் மோதும் ஓசை. பாண்டைக் காப்பாற்றும் கைப்பெட்டியின் கண்ணீர்ப்புகையும் கத்தியும் முன்பே நமக்குக் காட்டப்பட்டவை, அதனால் கை எப்போது அந்தக் கைப்பெட்டிக்குப் போகும் என்று காத்திருக்கிறோம். 'லிவ் அண்ட் லெட் டை'யில் (1973) எதிரியின் இரும்புக் கை, 1977-இல் வில்லனின் அடியாள் ஜாஸின் இரும்புப் பல். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வெளியே போகிறார்கள், இரண்டும் சிரிப்பில் முடிகின்றன. ஜாஸைத் தடுப்பது உடைந்த விளக்கின் மின்சாரம், அந்த நொடியில் கண்ணில் பட்டது. 2015-இல் 'ஸ்பெக்டர்' மறுபடி 1963-இன் முரட்டுத்தனத்துக்குப் போகிறது. பெட்டி பெட்டியாக உடைத்துக்கொண்டே நகர்கிறது, கயிற்றில் கோத்த பீப்பாய்கள் எதிரியை வெளியே இழுத்துப் போகின்றன. ஆனால் அந்தப் பீப்பாய்களை முன்பே நம் மனத்தில் பதிய வைக்கவில்லை. பிரமாண்டம் கூடியும் பதற்றம் 1963 அளவுக்கு ஏறாததற்குக் காரணம் அதுதான்.