பாட்டிலில் போட்ட எண்ணை நம்பி: பஃபர் கரைசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் ஜூன் மாதம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், ஆலை ஆய்வகங்களில் அமில, காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டருக்கு ஓய்வே கிடையாது. பிழிந்த சாறு பிஎச் 5, 5.5 என்று புளிப்பாக வரும். சுண்ணாம்புப் பால் விட்டு அதை 7-ஐ ஒட்டிக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் சர்க்கரை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைந்து நஷ்டமாகும். கூடினால் சாறு கறுக்கும். மீட்டர் இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் அதைப் பிஎச் எண் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துப் பழக்க வேண்டும். தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பஃபர் என்பது வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் இணை காரமும் (அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்தபின் மிஞ்சுவது) ஒன்றாக இருக்கும் கரைசல். வெளியிலிருந்து அமிலம் வந்தால் இணை காரம் அதைப் பிடித்துக்கொள்ளும். காரம் வந்தால் அமிலம் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் சுத்த நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் 7-இலிருந்து நேராக 2-க்கு இறங்கிவிடும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோல் உள்ள ஒரு லிட்டர் கரைசலில் அதே அளவு விட்டால் 4.76 என்பது 4.67 ஆகும், அவ்வளவுதான்.

சரி, அதே பஃபரைப் பத்து மடங்கு நீர்த்தால்? பிஎச் ஏறக்குறைய அப்படியேதான் காட்டும். அதைப் பார்த்து ஏமாறுவதுதான் பெரிய தவறு. இப்போது நீர்த்ததில் ஒரு லிட்டர் எடுத்து அதே 0.01 மோல் அமிலத்தை விட்டால் அசிட்டேட் முழுவதும் தீர்ந்து, பிஎச் 3.2 அளவுக்குப் போய்விடும். எண் ஒன்றுதான், தாங்கும் திறன் வேறு. பஃபர் ஒரு கையிருப்பு, செலவானால் தீரும்.

தைப்பூசக் காவடிப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மணிக்கணக்கில் சொம்பில் சுமந்து வருகிறார்கள், அது திரியக் கூடாது என்பது நம்பிக்கை. பக்தியை நான் தொடவில்லை. பாலின் பக்கம் மட்டும் சொல்கிறேன். புதுப் பாலின் பிஎச் 6.7-ஐ ஒட்டி இருக்கும். அதிலுள்ள பாஸ்பேட், சிட்ரேட், புரதம் மூன்றும் பஃபராக வேலை செய்து, கிருமிகள் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும். பிஎச் 4.6 பக்கம் வரும்போது கேசின் என்ற பால் புரதம் திரண்டுவிடும். ஏற்கெனவே பழசான பாலில் கையிருப்பில் பாதி போயிருக்கும்.

பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி எழுதும் மாணவர்கள் வழுக்கும் இடம் வேறு. 0.1 மோல் அசிட்டிக் அமிலத்தில் 0.05 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பஃபர். 0.1 மோல் விட்டால் அமிலமே மிஞ்சாது, வெறும் உப்புக் கரைசல். அமிலத்தையும் காரத்தையும் கலந்தாலே பஃபர் என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். அப்புறம், பிகேஏ மதிப்புக்கு (அமிலமும் இணை காரமும் சம அளவில் இருக்கும்போது உள்ள பிஎச்) ஒன்று மேலே, ஒன்று கீழே வரைதான் ஒரு பஃபர் உருப்படியாக வேலை செய்யும். பிஎச் 7 வேண்டுமென்றால் அசிட்டேட்டை விட்டுவிட்டு, 7.2 பிகேஏ உள்ள பாஸ்பேட்டுக்குப் போங்கள். அதிலும் கால்சியம் உள்ள மாதிரியோடு சேர்த்தால் வெள்ளையாகப் படியும்.

வெப்பநிலையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மீட்டரைப் பழக்கும் பிஎச் 10 பஃபர் பாட்டிலில் 10.01 என்று போட்டிருப்பது 25 டிகிரிக்கு. ஜனவரியில் போர்ட் லூயிஸ் அறையில் 30 டிகிரி என்றால் அது 9.97 ஆகும், ஜூலைக் குளிரில் மேட்டு நகரமான கியூர்பிப்பில் 15 டிகிரி என்றால் 10.1-ஐத் தாண்டும். பாட்டிலின் பின்பக்க அட்டவணை அதற்குத்தான். உயிரியல் ஆய்வகங்களில் பயன்படும் டிரிஸ் என்ற பஃபர் இன்னும் மோசம்: டிகிரிக்கு 0.028 மாறும். 25 டிகிரியில் 8.0-க்குத் தயாரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் அங்கே 8.6. மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது மின்முனையின் மில்லிவோல்ட் கணக்கைத்தான் திருத்தும். நம் மாதிரியின் பிஎச் வெப்பத்தால் உண்மையிலேயே மாறியிருந்தால், அதை 25 டிகிரிக்கு மாற்றித் தராது.

பிஎச் 10 பாட்டிலை மூடாமல் வைக்கவே கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். பீக்கரில் மிஞ்சியதை வீணாகிறதே என்று திரும்பப் பாட்டிலில் ஊற்றினால், நல்லதும் கெட்டது.

சாற்றிலிருந்து எடுத்த மின்முனையைக் கழுவாமல் பஃபரில் வைக்காதீர்கள். கண்ணாடிக் குமிழில் பிசுபிசுவென்று சர்க்கரைப் படலம் ஒட்டியிருக்கும், எண் நிலைக்கு வராமல் ஊர்ந்துகொண்டே போகும். வாலைநீரில் கழுவி, துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். இரவில் ஊறவைக்க வாலைநீர் ஆகாது, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் சரி.