கடற்கரை ஊரில் பொதுப் பணியிடம்: மேசைக்கு முன் காற்று

கீழக்கரையில் ஒரு வீட்டு மாடியைப் பொதுப் பணியிடமாக மாற்றிக் கொடுத்தோம். டிசைன், கணக்கு வேலை செய்கிறவர்களும், கருவாடும் பனை ஓலைக் கூடையும் ஆன்லைனில் விற்கிறவர்களும் இப்போது அங்கேதான் உட்காருகிறார்கள். அதேபோல் செய்ய நினைப்பவர்களுக்காக இது. வாடகை, பெயிண்ட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. காற்று. மேசை எங்கே என்று வரைவதற்கு முன், உங்கள் ஊருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கீழக்கரை, ஏர்வாடி என்றால் மன்னார் வளைகுடா, கடல் தெற்கே. ஆனி ஆடியில் சோழகம், அதாவது தென்காற்று, உப்பை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். தேவிபட்டினம், தொண்டி என்றால் பாக் விரிகுடா, கடல் கிழக்கே. அங்கே கச்சான் என்கிற மேற்குக் காற்று நிலத்தின் மேல் வருவதால் புழுதிதான் தொல்லை. உப்பு ஐப்பசிக்கு மேல் வாடையோடும் (வடகாற்று) கொண்டலோடும் (கீழ்க்காற்று) வரும்.

எல்லாரும் கடல் பக்கம் பெரிய ஜன்னல் கேட்பார்கள். சரி, வையுங்கள். ஆனால் அந்தச் சுவரில் ரூட்டர், யுபிஎஸ், சுவிட்ச் போர்டு எதுவும் வேண்டாம். படிகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பு முனைகளில் பச்சை பூக்கும், நெட் விட்டு விட்டு வரும், பழி நெட் கம்பெனி மேல் விழும். எதிர்ச் சுவர் ஓரமாகக் கதவு போட்ட ஒரு தடுப்பு கட்டி, அதற்குள் வையுங்கள். சூடு வெளியேற அறைப் பக்கமாகத் துவாரம் விட வேண்டும்.

2. மின்சாரம். ஆளுக்கு மூன்று பிளக். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இதில் பேரம் பேசாதீர்கள். மணல் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும். அதனால் எர்த் அளவை மழைக்காலத்தில் பார்த்துத் திருப்திப்படாமல் சித்திரை வெயிலில் அளக்கச் சொல்லுங்கள்.

3. மேசை. நாலடிக்கு இரண்டடி போதும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கால்களுக்கு என் தேர்வு வேப்ப மரம். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 316 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம் கேளுங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ப்பதால் 304 ரகத்தைவிட உப்பைத் தாங்கும். ஜன்னலுக்கு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டம்.

4. போன் அறை. வியாபாரம் செய்கிறவர்கள் நாள் முழுக்கப் பேச வேண்டும், கணக்குப் பார்க்கிறவருக்கு அமைதி வேண்டும். இருவரும் வாடகை கொடுக்கிறவர்கள்தான். படிக்கட்டை ஒட்டி நாலுக்கு நாலடியில் ஓர் அறையை ஒதுக்கி, கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள்.

பின்சேர்க்கை: ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரித்துப் போகிறது என்று பாம்பனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதையும் உப்புக் காற்று நேராகப் படாத சுவருக்கு மாற்றுங்கள். அப்புறம், மெயினை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் தகடுகளை மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.