எண்ணெய்த் தேவை செய்தியை ஏமாறாமல் படிப்பது எப்படி?

'எண்ணெய்த் தேவை சரிந்தது' என்ற தலைப்பைப் பார்த்ததுமே பெட்ரோல் காலம் முடிந்தது என்று ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிவிடாதீர்கள்.

உலகம் ஒரு நாளைக்குக் குடிப்பது 10 கோடி பேரலுக்குச் சற்று மேல். பேரலுக்கு 159 லிட்டர். அதில் பாதிக்கு மேல் போக்குவரத்துக்கே போகிறது. 2020 ஏப்ரலில் ஊரடங்கில் வண்டி, விமானம் எல்லாம் நின்றபோது என்ன ஆனது? ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதத்தில் எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தத்தின் விலை பேரலுக்கு மைனஸ் 37 டாலருக்குப் போனது. எண்ணெயை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காசும் கொடுத்தார்கள்!

சரி, செய்தி எந்த எண்ணெயைப் பற்றியது என்று பாருங்கள். பெட்ரோல் என்றால் பைக், கார். டீசல் என்றால் லாரி, பஸ், டிராக்டர், பம்புசெட். இந்தியாவில் மொத்த எண்ணெய் நுகர்வில் சுமார் 40 சதவீதம் டீசல்தான், அதனால் சரக்கு ஓடுகிறதா என்று தெரிய நான் முதலில் பார்ப்பது டீசல் கணக்கை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் நாப்தா என்ற திரவம் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குப் போவது, அது கூடினால் வண்டி கூடியதாக அர்த்தமில்லை.

அடுத்து, எதோடு ஒப்பிடுகிறார்கள்? பலரும் சறுக்குவது இங்கேதான். மழைக்காலத்தில் பம்புசெட் ஓயும், கட்டட வேலை மந்தமாகும், டீசல் தானாகவே குறையும். ஜூலையை மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, போன வருட ஜூலையோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: 2024 பிப்ரவரிக்கு 29 நாள், 2025-க்கு 28. யாரும் ஒரு சொட்டைக் குறைக்காமலே 3.4 சதவீதம் 'சரிவு' வந்துவிடும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. டிரைவர்கள் ஊருக்குப் போகிற வாரம் மாதம் மாறி விழுகிறது. அப்படிப்பட்ட வருடங்களில் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், சொல்வது யார்? பாரிஸில் உள்ள சர்வதேச எரிசக்தி முகமை எண்ணெய் வாங்கும் நாடுகள் சேர்ந்து அமைத்தது. 2030-க்குள் தேவை உச்சத்தைத் தொடும் என்று 2024-இல் சொன்னது. வியன்னாவில் உள்ள ஒபெக் விற்கிற கூட்டம். 2050 வரை ஏறுமுகம்தான் என்றது. விற்பவர் வேறென்ன சொல்வார்!

இந்தியக் கணக்குக்கு பெட்ரோலியத் துறையின் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு மாதாமாதம் இணையதளத்தில் போடும் அட்டவணை இலவசம். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மூன்றையும் மட்டும் எடுத்து, அந்தந்த மாதத்து நாள் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.