லீனாக் அவுட்புட் அளப்பது எப்படி? தெர்மாமீட்டரில் இருந்து தொடங்குவோம்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அத்தைக்குத் தொண்டையில் புற்றுநோய். 35 நாள் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏப்பா, அந்த மெஷினு அளந்துதான் வைக்குதா?" என்பதுதான். மெடிக்கல் பிசிக்ஸ் படிக்க வரும் எல்லோரும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கான பதிலைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பயிற்சியில் இருப்பவர்கள் பக்கத்தில் ஒரு சீனியரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

லீனாக் என்பது நேரியல் முடுக்கி, புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் மெஷின். அது கொடுக்கும் கதிர்வீச்சை எம்.யு. (மானிட்டர் யூனிட்) என்ற எண்ணால் கட்டுப்படுத்துகிறோம். 100 எம்.யு. கொடுத்தால், 10க்கு 10 செ.மீ. புலத்தில் (கதிர் விழும் சதுரத்தில்), அதிகபட்ச டோஸ் விழும் ஆழத்தில் 100 சென்டிகிரே, அதாவது 1 கிரே கிடைக்கும்படி மெஷினைச் சரிசெய்து வைப்பது வழக்கம். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல். அந்த 100 உண்மையிலேயே 100தானா என்று பார்ப்பதுதான் அவுட்புட் அளப்பது. மாதாந்திரச் சோதனையில் 2 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

முதல் வேலை தண்ணீர். முந்தின நாள் சாயங்காலமே பேண்டம் தொட்டியை, அதாவது உடம்புக்குப் பதிலாக வைத்து அளக்கும் தண்ணீர்த் தொட்டியை, நிரப்பி அந்த அறையிலேயே விட்டுவிடுங்கள். மொட்டைமாடி டேங்கில் வெயிலில் காய்ந்த தண்ணீரைக் காலையில் பிடித்து ஊற்றி உடனே அளந்தால், அளந்துகொண்டிருக்கும்போதே வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். நம் பக்கத்து போர் தண்ணீரும் வேண்டாம், உப்பு. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதில் 10 செ.மீ. ஆழம் என்பது கதிருக்கு 10.25 செ.மீ. மாதிரி, டோஸ் ஒரு சதவீதம் போல குறைந்து தெரியும். போர் தண்ணீர் அவ்வளவு மோசமில்லைதான், ஆனாலும் சேம்பரையும் கனெக்டரையும் அரித்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேம்பரை வைப்பது. கதிரை அளக்கும் கருவி இதுதான்: ஃபார்மர் வகை அயன் சேம்பர், உள்ளே 0.6 கன செ.மீ. காற்று, பென்சில் தடிமன். மெஷின் தலை நேர் கீழே பார்க்க, மூலத்திலிருந்து தண்ணீர் மட்டம் 100 செ.மீ., சேம்பரின் மையம் 10 செ.மீ. ஆழத்தில். ஒரு மில்லிமீட்டர் தவறினாலே சுமார் 0.4 சதவீதம் போய்விடும், அதனால் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். சேம்பரில் சேரும் மின்னேற்றத்தைப் படிக்கும் எலக்ட்ரோமீட்டரை ஆன் செய்து, மின்னழுத்தம் கொடுத்து, கொஞ்ச நேரம் விடுங்கள். கதிர் இல்லாமலேயே எண் ஏறிக்கொண்டிருந்தால் அது கசிவு. கடலோரத்து ஈரக்காற்றில் கேபிள் முனையில் ஈரம் பிடித்துக்கொள்வது சகஜம், காய வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இனி முக்கியமான இடம். சேம்பர் காற்றடைத்து மூடிய டப்பா இல்லை, வெளிக்காற்று போய்வர வழி உண்டு. கதிர் பட்டால் உள்ளே இருக்கும் காற்றுதான் மின்னேற்றம் கொடுக்கிறது, ஆகவே காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் ரீடிங். சூடானால் காற்று விரிந்து உள்ளே இருப்பது குறையும். காற்றழுத்தம் இறங்கினாலும் குறையும். இது நம் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாளில் அழுத்தம் இறங்கியிருக்கும், அன்றைக்கு மெஷின் ஒரு பிழையும் செய்யாமலே சேம்பர் ரீடிங்கும் இறங்கும். சேம்பரை அளவுத்திருத்தம் செய்து கொடுக்கும் ஆய்வகத்தின் சான்றிதழ் 20 டிகிரிக்கும் 101.325 கிலோபாஸ்கலுக்கும் உரியது. நம் அறையை அந்த அறையாக மாற்றும் கணக்குதான் இது: (273.15 + தண்ணீரின் வெப்பநிலை) ÷ 293.15, அதை (101.325 ÷ இன்றைய அழுத்தம்) என்பதால் பெருக்கவும்.

தண்ணீர் 27 டிகிரி, அழுத்தம் 100.8 கிலோபாஸ்கல் என்றால் விடை 1.0292.

வெப்பநிலையைத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை ஏசி பலகையில் இருந்த 22 டிகிரியை எழுதினேன், தண்ணீர் 27ல் இருந்தது. அந்த ஐந்து டிகிரி 1.7 சதவீதம். சீனியர் அக்கா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, தொட்டியில் என் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து தெர்மாமீட்டரைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் பேனாவையே எடுக்கிறேன்.

அழுத்தத்துக்கு அறையிலேயே பாரோமீட்டர் வேண்டும். போனில் வானிலை ஆப் காட்டுவது பொதுவாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். ராமநாதபுரம் கரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் தப்பு தெரியாது. அதே பழக்கத்தோடு மதுரைக்கு வேலைக்குப் போனால், அந்த ஊர் நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகும். கொடைக்கானல் உயரத்துக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

சரி, கணக்கு. 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிர், 100 எம்.யு., மூன்று தடவை: 12.20, 12.21, 12.22 நானோகூலும்பு மின்னேற்றம். சராசரி 12.21. இதை 1.0292ஆல் பெருக்குங்கள். உருவான அயனிகள் சேகரிக்கப்படும் முன்பே ஒன்றுசேர்ந்துவிடும் இழப்புக்கு 1.003, இது இரண்டு மின்னழுத்தத்தில் அளந்து கண்டுபிடிப்பது. மின்னழுத்தத்தின் பிளஸ், மைனஸை மாற்றினால் ரீடிங் மாறுவதற்கான மின்முனை மாற்றத் திருத்தம் இங்கே 1.000 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் சான்றிதழில் உள்ள எண், உதாரணத்துக்கு ஒரு நானோகூலும்புக்கு 5.35 சென்டிகிரே. அந்தச் சான்றிதழ் கோபால்ட் கதிரில் எடுத்தது, நம்முடையது 6 எம்.வி. என்பதால் அந்த வித்தியாசத்துக்கு 0.991. எல்லாம் பெருக்கினால் 10 செ.மீ. ஆழத்தில் 66.83 சென்டிகிரே. மெஷின் வந்த புதிதில் அளந்து வைத்த ஆழச் சதவீதம் (அதிகபட்ச டோஸில் 10 செ.மீ. ஆழத்தில் கிடைக்கும் பங்கு) 66.5 என்றால், 0.665ஆல் வகுக்க 100.5 வரும். அரை சதவீதம் கூடுதல், பரவாயில்லை, மெஷினைத் தொடவே வேண்டாம்.

இப்போது வெப்பநிலை, அழுத்தத் திருத்தத்தை மட்டும் மறந்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். 97.6 வரும். மெஷின் 2.4 சதவீதம் குறைவு என்று நினைத்து ஏற்றி வைத்துவிடுவீர்கள். ஒழுங்காக இருந்த மெஷின் அன்றிலிருந்து கிட்டத்தட்ட 103 கொடுக்கும். 35 நாளில் 70 கிரே வாங்க வேண்டிய அத்தை 72 வாங்குவார், அதாவது எழுதாத ஒரு நாள் கூடுதல். வாய்ப்புண்ணோடு கஞ்சியை விழுங்க முடியாமல் இருக்கும் ஆளுக்கு அந்த ஒரு நாள் சின்ன விஷயமில்லை. அதுவும் அவருக்கு மட்டும் இல்லை, அந்த மெஷினில் படுக்கும் எல்லோருக்கும்.

அதனால்தான் கடைசிப் படி: மெஷினை மாற்றுவதற்கு முன் இன்னொருவர், உங்கள் தாளைப் பார்க்காமல், தானே தெர்மாமீட்டர் படித்து, தானே கணக்குப் போட வேண்டும். 1996ல் கோஸ்டாரிகாவில் கோபால்ட் மூலத்தை மாற்றிய பிறகு அளந்தபோது 0.3 நிமிடத்தை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள், அது 18 வினாடி. 115 நோயாளிகள் அளவுக்கு மீறிக் கதிர் வாங்கினார்கள். வெளியாள் சரிபார்ப்பதும் உண்டு. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார அமைப்பும் 1969ல் இருந்து தபாலிலேயே சின்ன டோஸ்மீட்டர்களை அனுப்பி, மருத்துவமனைகள் கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் படித்துச் சொல்கின்றன.

சி.டி. ஸ்கேனுக்கும் முறை இதே மாதிரிதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் 16, 32 செ.மீ. அக்ரிலிக் உருளைகள், 10 செ.மீ. நீளச் சேம்பர். அதைத் தனியாக எழுதுகிறேன்.

வீட்டுப்பாடம் ஒன்று. கூண்டு ஏற்றிய நாள், அழுத்தம் 100.0 கிலோபாஸ்கல், மழையில் தண்ணீர் 25 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. திருத்த எண் என்ன? 1.0305 வந்தால் சரி.