மைக்றோவேவ் அடுப்பில் விறகடுப்புப் பழக்கங்கள்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பலவற்றில் மைக்றோவேவ் அடுப்பு சமைப்பதற்கு அன்றி, மிஞ்சிய சோறு கறியைச் சூடாக்குவதற்கே பயன்படுகிறது. தவறுகள் மிகுதியாக நேர்வதும் அங்கேதான். விறகடுப்பில் வெப்பம் சட்டியின் அடியிலிருந்து மேலேறுகிறது. இங்கோ 2450 மெகாஹேட்ஸ் அதிர்வெண்ணுடைய நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளையே அசைத்துச் சூடாக்குகின்றன. அவை சில சென்ரிமீற்றர் ஆழம் மட்டுமே புகுவதால், குவித்து வைத்த சோற்றின் ஓரத்தில் ஆவி பறக்கும்போதும் நடுப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். எனவே சோற்றைப் பரப்பி, இடையில் ஒருமுறை கிளறி, அடுப்பு நின்றபின் இரண்டு நிமிடம் மூடியபடி விட வேண்டும். நடுப்பகுதியும் 74 பாகை செல்சியசை எட்டுவது அவசியம்.

சூடாக்கினால் எந்தச் சோறும் நல்லதாகிவிடும் என்பது இதைவிடப் பெரிய தவறு. மதியச் சோற்றை நம் ஊர் வெயிலில் இரவுவரை வெளியே வைத்தால், பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியா அதில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. சோற்றை ஆறவிட்டு விரைவில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே வழி.

புட்டையும் இடியப்பத்தையும் வெறுமனே வைத்தால் அவற்றின் ஈரம் போய் வறண்டுவிடும். சிறிது தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் அவித்த பதம் ஓரளவு திரும்பும். முழு வலுவில் சொதி திரைந்துவிடுவதால், குறைந்த வலுவில் இடையிடையே கலக்கிச் சூடாக்குவது நல்லது.

சில்வர் பாத்திரமும் பொன்விளிம்புப் பீங்கானும் பொறி பறக்கச் செய்யும். சோற்றுப் பார்சலை, அதைச் சுற்றிய லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளோடு உள்ளே வைக்கவே கூடாது. அவித்த முட்டையை, கோது உரித்ததாயினும், முழுதாக வைத்தால் உள்ளே அடைபட்ட ஆவியால் அது வெடிக்கலாம், சிலவேளை வெளியே எடுத்துக் கடிக்கும் கணத்தில். வழுவழுப்பான கோப்பையில் தேநீருக்கு வைத்த தண்ணீரும் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நின்று, தேயிலையைப் போட்டவுடன் கையிற் பொங்கி விழக்கூடும். மரக்கரண்டி ஒன்றை உள்ளே வைத்துச் சூடாக்கினால் அந்த ஆபத்துக் குறையும்.

தூளுக்கு மிளகாய் வறுக்கவும் சிலர் இதை நாடுகின்றனர். கதவைத் திறந்ததும் காரநெடி முகத்தில் அடித்துக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்; நேரம் சற்று மிஞ்சினால் காய்ந்த மிளகாய் தீப்பற்றவும் கூடும். அந்த வேலைக்குத் தாச்சியே போதும்.