சட்டக் கல்லூரி முதலாண்டு: கைடு விழுங்கிய மூன்று சொற்கள்

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த முதலாண்டு மாணவர் பையிலிருந்து ஒரு கைடை எடுத்தார். ஒப்பந்தச் சட்டம், வினா விடை. மஞ்சள் மையால் அவர் தீட்டியிருந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. முதலாண்டில் பலரும் தடுக்கி விழும் இடங்களைப் பற்றித்தான் இது; ‘கடைசி வாரத்தில் படிக்காதீர்கள்’ என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது பள்ளியிலேயே கேட்டுச் சலித்ததுதான்.

பேர் ஆக்ட்டை (விளக்கவுரை இல்லாத சட்ட மூலத்தை) திறக்காமல் கைடை நம்புவது

அந்த வரி இது: ‘மறுபயன் வாக்குறுதி பெறுபவரிடமிருந்தே வர வேண்டும்.’ மறுபயன் என்பது வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது, ஆங்கிலத்தில் ‘கன்சிடரேஷன்’. நானும் இதை மனப்பாடம் செய்தவன். தேர்வில் ஒரு கேள்வி: தாய் தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைக்கிறார். தாயின் உடன்பிறந்தவருக்கு மகள் ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மகளும் அவருக்கு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு கையை விரிக்கிறார். பணம் கிடைக்குமா? ‘அவர் மகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே கிடைக்காது’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். அந்தத் தாளில் அரியர்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 2(டி) பிரிவில், ‘வாக்குறுதி பெறுபவர்’ என்பதை அடுத்து ‘அல்லது வேறு எவரேனும்’ என்று இருக்கிறது. கைடு எழுதியவர் இங்கிலாந்து விதியை அப்படியே இங்கே இறக்கிவிட்டார். மூன்று சொற்களும் போயின. கேள்வியோ கற்பனை அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு அது. தாய் கொடுத்த சொத்தே மறுபயன், மகள் பணம் தந்தாக வேண்டும் என்பது தீர்ப்பு. நம் ஊர் வழக்கிலேயே கோட்டை விட்டேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து கைடின் நிழலில் ஒதுங்குவது எனக்குப் புரிகிறது. நானும் அப்படி ஒதுங்கியவன்தான். பேர் ஆக்ட்டின் வாக்கியங்கள் மூச்சு வாங்கவைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பிரிவு போதும். பென்சிலால் ஒவ்வொரு ‘ஆர்’, ‘அண்ட்’, ‘அன்லெஸ்’ மேலும் வட்டமிடுங்கள். ‘மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது’ என்று 25ஆம் பிரிவைக் கைடு ஒரே வரியில் முடித்துவிடும். சட்டத்தில் அங்கே ஓர் ‘அன்லெஸ்’ இருக்கிறது, அதன் பின்னால் மூன்று விலக்குகள். வழக்குப் போடும் கால வரம்பு தாண்டிக் காலாவதியான கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அந்த மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்.

மாணவரிடம் 2(டி)யை உரக்கப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையில்தான் அந்த ‘ஆர்’ரில் நின்றார்.

அண்ணன் கொடுத்த ஐபிசி புத்தகம்

ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கான தண்டனை 302இல் இல்லை, 103இல். அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் அதுதான்.

மூட் கோர்ட்

மாணவர்கள் வழக்கறிஞர்களாக வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம் இது. பேசத் தயக்கமென்றால் கோப்பு சுமக்கவாவது குழுவில் சேருங்கள்.

கறுப்புக் கோட்டு

இப்போதே தைக்க அவசரப்படாதீர்கள், தையற்காரர் எங்கும் ஓடிவிட மாட்டார்.